கொட்டாவியின் கிடாரில் ஒரு கிணிங்

ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தார் அவர். பக்கத்தில் நின்ற வீட்டுக்கார அம்மாள் பெருமூச்சு விட்டாள்.

"ஏதாவது தெரியுதா தம்பி?"

"ஒண்ணும் கேக்கலம்மா. உள்ள எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்கு என்று சொல்லும்போது அவர் அழாத குறை. மேஜையில் மல்லாந்து கிடந்தது ஒரு பழைய கிடார். தட்டியவரும் டாக்டர் இல்லை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஸ்டெதஸ்கோப் மச்சானுடையது, சொல்லாமல் எடுத்து வந்தது.

கிடார் அந்த அம்மாளின் காலமான கணவருடையது. ஜாஸ் வாசித்தவர். மேடையில் வாசித்துக்கொண்டே கொட்டாவி விடுவார், விரல்கள் மட்டும் தூங்காமல் ஓடும். அதனால் ரசிகர்கள் ஆசையாக வைத்த பெயர், கொட்டாவி.

கொட்டாவியின் இசைத்தட்டுகளைச் சேர்ப்பதிலேயே கடைக்காரரின் பாதி ஆயுசு போய்விட்டது. கட்டிலைத் தட்டுகள் பிடித்துக்கொண்டதால் அவர் மனைவி நின்றபடியே தூங்கப் பழகிவிட்டாள் என்று தெருவில் பேச்சு. இப்போது எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் புத்தகமாகப் போட வேண்டும்.

இந்த வேலையில் பாட்டை ரசிக்கிறவன் உருப்பட மாட்டான். பாட்டுக்கு நடுவே விழும் தும்மல், நாற்காலியின் கிறீச், இவற்றை வைத்துத்தான் எந்த அறை, எந்த வருஷம் என்று பிரிக்க வேண்டும். நம்மவர் தும்மலைக் கேட்டே தும்மியவர் அன்று குளித்தாரா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அவரையே படுக்க வைத்தது ஒரு சின்னச் சத்தம். கொட்டாவி மேடையை விட்டுவிட்டு, வீட்டிலேயே பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்பிய கடைசிக்காலத் தட்டுகளில் மட்டும் மெல்லிசாக ஒரு 'கிணிங்'.

"கடைசி வரைக்கும் இதே கிடார்தானேம்மா?"

"இதேதான். வேற வாங்கல."

"அப்ப அந்தக் கிணிங் வர எங்கேயோ ஒரு திருகு ஆடணும். ஆடினாத்தான் நான் பொழைப்பேன்."

"ஆடலன்னா என்ன? யாரு கேக்குறாங்க உங்கள?"

"ஒரு பல் டாக்டர். அவரும் சேகரிக்கிறவர்தான். கிணிங் வர்றதெல்லாம் உங்க வீட்டுக்காரர் வாசிச்சதே இல்ல, வேற யாரோன்னு எழுதிட்டிருக்கார். என்னால நிரூபிக்க முடியலன்னா அத்தனையையும் புத்தகத்துல இருந்து தூக்கணும்."

"தூக்கிட்டா?"

"அப்புறம் யாரும் தேட மாட்டாங்க. பழைய சாமான் கடையோட சரி."

கடைக்காரர் திருப்புளியை எடுத்து ஒவ்வொரு திருகாகச் சோதித்தார். ஒன்றும் அசையவில்லை. கிடாரைத் தூக்கிக் குலுக்கினார். அந்தக் குலுக்கலில் அடுத்த தெரு நாய் எழுந்து ஓடியது, கிணிங் மட்டும் வரவில்லை.

"போன வாரமும் ரெண்டு பேர் வந்தாங்க," என்றாள் அம்மாள். "அவர் செருப்ப ஃபோட்டோ எடுத்துட்டுப் போனாங்க. கதவத் திறந்து திறந்து அலுத்துப்போச்சு தம்பி."

"எனக்கும் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. ஆமா, மேடைய விட்டப்புறம் வீட்ல எப்படி இருப்பார்?"

"சும்மா ஜன்னலப் பார்த்து உக்காந்திருப்பார். சட்டைப் பட்டன்கூட நான்தான் போட்டுவிடணும்."

"ராஜா மாதிரி வச்சிருந்திருக்கீங்க. என் வீட்ல பட்டன்னு வாயத் திறந்தா, சட்டையே பறந்து வந்து மூஞ்சில விழும்."

அவள் சிரிக்கவில்லை. திருப்புளி மறுபடி ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கடைசியில் அதைப் பையில் போட்டுவிட்டுக் கடைக்காரர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"பல் டாக்டர் ஜெயிச்சுட்டார்மா. நான் கிளம்பறேன்."

"ஒண்ணு கேக்கட்டுமா தம்பி? அந்தக் கடைசித் தட்டுங்கள்லாம்... காது கொடுத்துக் கேக்குற மாதிரி இருக்கா?"

எழப்போனவர் உட்கார்ந்துவிட்டார்.

"முன்னாடி வாசிச்சதெல்லாம் வித்தைமா. வாயப் பொளந்து கேப்பேன். ஆனா கடையை மூடிட்டு வந்து தினம் போடுறது கடைசித் தட்டுங்களத்தான். நாள் பூரா அடுத்தவங்க கண்ணையே பார்த்த அலுப்பு அப்படியே எறங்கிடும்."

"அந்தப் பல் டாக்டருக்கு?"

"அவருக்கும் அதுதான் உசுரு. வாசிச்சது யாருன்னு தெரியாமத்தான் பைத்தியம் பிடிச்சு அலையறார்."

அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் வந்ததிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தாள். கிடாரை எடுத்து மடியில் வைத்தாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே கீரை ஆய்கிறவளைப்போல, பார்க்காமலேயே நரம்புகளை முறுக்கிச் சுருதி சேர்த்தாள்.

நாலே நாலு சுரம் விழுந்தது. அவசரமில்லாமல், களைத்துப்போய், ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு. கடைக்காரருக்குத் தெரியாத சுரங்களா அவை? கை மேலிருந்து கீழே இறங்கும்போது, மணிக்கட்டு மரத்தில் உரசியது.

கிணிங்.

கடைக்காரர் வாய் திறந்தது. மூடவில்லை. அம்மாள் வலது கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"சோப்பு போட்டுக்கூடப் பார்த்தேன் தம்பி, இந்த வளையல் கழலவே மாட்டேங்குது."