வேண்டியது மட்டும்

பதர் மிதக்கட்டும் என்று சம்பா விதைநெல்லை உப்புத் தண்ணீரில் கொட்டியவன் நான். பதரை அள்ளிய கையோடு நெல்லை நல்ல தண்ணீரில் அலசியிருக்க வேண்டும். அலசாமல் அப்படியே ஊறவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போனவனும் நான்தான். ஒரு நெல்கூட முளைக்கவில்லை. மனைவி மங்களாம்பிகை என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

பிளஸ் ஒன் படிக்கும் மகள் குந்தவைதான் காரணம் சொன்னாள்.

"ஒவ்வொரு செல்லைச் சுத்தியும் ஒரு சவ்வு இருக்குப்பா. வேண்டியதை உள்ள விடும், வேண்டாததைத் தடுத்துடும். வெளியில அவ்வளவு உப்பு இருந்தா, பாவம், தண்ணி எப்படி உள்ள போகும்?"

"நெல்லுக்குப் பாவம் பாக்குறே. என்னைப் பத்தி அம்மா என்னதான் சொல்றா?"

அடுக்களைக்குப் போய்வந்தாள். "'என் தப்புதான்'னு சொன்னாங்கப்பா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே அடுக்களைக்குப் போனேன்.

"மங்களம், உன் மேல தப்பே இல்லை."

"என் மேலயா? இந்த மனுஷன் கையில விதையைக் கொடுத்தது என் தப்புதான்னு சொன்னேன். ஏன், 'அம்மா சொன்னா சரி'ன்னு நீங்க ஒத்துக்கிட்டீங்களாமே?"

காலையில் நான் குந்தவையிடம் கேட்டது, 'உங்கம்மா சொன்னா சரின்னு தலையாட்டணுமா?' என்று.

அடுக்களை வாசலில் நின்றவளை இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

"வேண்டியதை மட்டும்தான் உள்ள விட்டேன்" என்றாள் குந்தவை.

மங்களம் சிரிப்பை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கோபம் போச்சா, இல்லையா? நேராச் சொல்லு."

"போகலை. எங்க அண்ணன்கிட்ட வேற விதை கேட்டிருக்கேன். இப்பக் கையை அலசிட்டுச் சாப்பிட வாங்க. அதையாவது ஒழுங்கா அலசுங்க."