அழவே இல்லை

"புட்டிய வீட்டுக்குள்ளயே விடாதீங்க. தாய்ப்பால் ஒண்ணே போதும்!" என்று கும்பிட்டு வீடியோவை முடித்தாள், நாற்பதாயிரம் தாய்மார்களின் 'பாலக்கா'.

அடுத்த அறையில் அவள் கைக்குழந்தை வீறிட்டது.

"என்னங்க, கொஞ்சம் பாருங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, படிக்காமல் கிடந்த செய்தி ஒன்றைத் திறந்தாள்.

"அக்கா, உங்க பேச்சக் கேட்டு புட்டியத் தூக்கிப் போட்டுட்டேன். பால் சரியா ஊறல. ஆனா ரெண்டு நாளா பாப்பா அழவே இல்ல, தூங்கிட்டே இருக்கா. பழகிட்டாதானே?"

அனுப்பி நாலு நாள் ஆகியிருந்தது.

பதறிப்போய் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை.

அடுத்த அறையில் அழுகை சட்டென்று நின்றது. ஓடினாள்.

கணவன் மடியில் குழந்தை புட்டியைச் சப்பிக்கொண்டிருந்தது.

"பயப்படாதே. எப்பவும் போல, நீ கேமராவ அணைச்சப்புறம்தான் எடுத்தேன்" என்றான்.