கோரமண்டலில் ஏறுகிறவருக்கு

கேஜிஎஃப் தங்கவயலில், மாரிக்குப்பம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் காலியாக நிற்கும்போதே ஸ்வப்னா ஏறிவிட்டாள். ஜன்னலோர சீட்டில் தன் காலேஜ் பையை வைத்தாள். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ரயில் இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது.

கிளம்புகிற நேரத்தில் கிருஷ்ணம்மா ஓடிவந்து ஏறினாள். பெங்களூரில் மூன்று ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கிறவள், வழக்கமாக வேறு பெட்டியில் வருகிறவள். மூச்சு வாங்க நின்று பையைப் பார்த்தாள், பிறகு ஸ்வப்னாவைப் பார்த்தாள்.

"யாருக்கு கண்ணு சீட்டு? கட்டிக்கப் போறவனுக்கா?"

எதிர் சீட்டுப் பெண்கள் சிரித்தார்கள்.

"ஆள் வராங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஸ்வப்னா வெளியே பார்த்தாள்.

கிருஷ்ணம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவள் அப்படியேதான் நிற்கவேண்டும். ஸ்வப்னாவுக்கு வெட்கமாக இருந்தது. தன் இடத்தையாவது கொடுத்திருக்கலாம். ஆனால் நேற்றிலிருந்து அவளுக்கு யாருக்கும் எதையும் கொடுக்கத் தோன்றவில்லை.

எடுத்த பாடத்தைக் கைவிடுவதற்கு நேற்றுதான் கடைசி நாள்.

காலேஜ் விதி கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கும். ஆறாவது வாரம் முடிவதற்குள் ஒரு விருப்பப் பாடத்தை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். மார்க் பட்டியலில் அதன் தடயமே இருக்காது. ஆறு வாரம் தாண்டினால் முடியாது. அதன்பிறகு வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், ஃபெயில் என்று போட்டுவிடுவார்கள். ஒரு ஃபெயில் இருந்தாலும் வேலைக்கு ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் வாசலிலேயே நிறுத்திவிடும்.

புள்ளியியல் வகுப்பு காலை ஒன்பது மணிக்கு. ரயில் தாமதமாகிற நாளெல்லாம் அவள் போய்ச் சேரும்போது கதவு சாத்தியிருக்கும். ஆறு வாரத்தில் நடந்தது முப்பது வகுப்பு. அவள் உள்ளே உட்கார்ந்தது பதினொன்று.

பதினோரு மணிக்கு நடக்கிற வேறொரு பாடத்தில் இடம் இருந்தது. ஃபார்மை நிரப்பியாயிற்று. பாக்கி இருந்தது புள்ளியியல் நடத்தும் பாஸ்கரன் சாரின் கையெழுத்து மட்டும்தான். காரணம் என்ற கட்டத்தில் அவள் உண்மையையே எழுதியிருந்தாள். கேஜிஎஃப்பிலிருந்து வருகிறேன், ரயில் தாமதமாகிறது.

ஸ்டாஃப் ரூமில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர் ஃபார்மைப் படித்தார். ரயில் என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டார்.

"ட்ரெயின் லேட் ஈஸ் நாட் எ ரீசன்" என்றார்.

பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பே கிடையாது என்று அதையும் இங்கிலீஷிலேயே சொன்னார். ஃபார்ம் கையெழுத்தில்லாமல் அவள் கைக்குத் திரும்பியது.

ஆடிட்டாக உட்காரலாமா என்று ஆபீஸில் கேட்டுப் பார்த்தாள். உட்காரலாம், பாடம் கேட்கலாம், மார்க் மட்டும் கிடையாது. அதற்கும் அதே கையெழுத்துதான் வேண்டுமாம். நாலு மணிக்குக் கவுண்டரை மூடிவிட்டார்கள்.

இனி ஃபெயில்தான். ஃபெயிலான பாடத்தை மாற்றிக்கொள்ள முடியாது, அடுத்த வருஷம் அதையே மறுபடி படிக்கவேண்டும். அதை நடத்துகிறவர் காலேஜிலேயே அவர் ஒருத்தர்தான்.

இன்று பையை மடியில்தான் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துதான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தாள். ரயிலில் ஏறியதும் அந்த அடுத்த வருஷம் ஞாபகம் வந்துவிட்டது.

மூன்றாவது ஸ்டேஷன் கோரமண்டல். கூட்டம் முண்டியடித்து ஏறியது. அதில் ஒருவர் மட்டும் அவசரப்படாமல், கிருஷ்ணம்மாவை விலக்கிக்கொண்டு நேராக ஜன்னலோர சீட்டுக்கு வந்தார்.

பாஸ்கரன் சார்.

காலேஜில் அவருக்கு அவளைத் தெரியாது. ரயிலில் தெரியும். அவள் முதல் வருஷம் படிக்கும்போது, முழங்கால் வலி, ஒரு சீட் போட்டு வையம்மா என்று கேட்டார். இரண்டு வருஷமாகப் பையை வைக்கிறாள். பெங்களூரில் இறங்கியதும் அவருக்கு ஸ்டேஷன் ஸ்டாண்டில் பைக் நிற்கும். அவள் பஸ்ஸுக்கு நிற்பாள். எத்தனை மணியானாலும் சரி, அவர் உள்ளே நுழைந்து கதவைச் சாத்துகிற நிமிஷம்தான் அந்த வகுப்புக்கு ஒன்பது மணி.

பையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். இங்கே அவர் இங்கிலீஷ் பேசுவதில்லை.

"இன்னிக்கும் லேட்டு. இந்த ட்ரெயினை நம்பி மனுஷன் இன்னாம்மா பண்றது?"

கிருஷ்ணம்மா கம்பியைப் பிடித்தபடியே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமா சார்" என்றாள் ஸ்வப்னா.