தகரக் கதவில் ஒரு ஓட்டை

உச்சிவெயிலில் சோம்பா மலை வெளுத்துக் கிடக்கிறது. தலந்திரா வீட்டுக்குள் வந்து சன்னலையும் தகரக் கதவையும் சாத்துகிறாள். கதவிலுள்ள ஓட்டை வழியாக விரல் பருமனில் ஒரு வெயில் கம்பி மட்டும் இருட்டுக்குள் நீள்கிறது; அதில் சோளமாவுத் தூசி சுழல்கிறது. நேற்றுக் காலை அடைக்கோழியைக் கீரி தூக்கிப்போய்விட்டது. ஆறு நாள் அடைகாத்த முட்டைகள் மதியம்வரை சில்லிட்டுக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் அவள் பார்த்து, வெந்நீர்ப் புட்டிகளோடு இடுப்புத்துணியில் பொதிந்துவைத்தாள்.

“செத்ததுக்குக் கம்பளி போத்துறியா?” என்று சிரிக்கிறான் கணவன் மயேசோ.

“வெளிச்சத்தை மறைக்காதய்யா, தள்ளு.”

முதல் முட்டையை ஓட்டையோடு ஒட்டிப் பிடிக்கிறாள். உள்ளே ஒரு ரத்த வளையம், அசைவில்லை. இரண்டாவதிலும் அதேதான். உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். மூன்றாவது முட்டை வெயில் பட்டதும் பழுத்த பப்பாளி நிறத்தில் ஒளிர்கிறது. மெல்லிய சிவப்பு நரம்புகள் எல்லாப் பக்கமும் கிளை பிரிந்து ஓடுகின்றன. நடுவே மிளகளவு கறுப்பாக ஒரு கண், சட்டென்று நழுவி மறுபக்கம் போகிறது.

“ஏய், அது என்னைப் பாத்துச்சு!” மயேசோ மூச்சை அடக்கிக்கொண்டு குனிகிறான்.

“உன் மூஞ்சியைப் பாத்துத்தான் ஓடுது.”

அவன் சிரிக்கவில்லை. உள்ளங்கைகளை வாயருகே குவித்து, ஊதிச் சூடாக்கிக்கொள்கிறான். “அடுத்ததை என் கையில குடு” என்கிறான், மிக மெதுவாக.