பச்சைப் புள்ளி

இலவச மென்பொருள்களைத் தேடித் தரவிறக்கிக்கொள்ளும் இணையதளம் ஒன்றை தாட்சாயணி வடிவமைத்தாள். மென்பொருளை எழுதியவர் அந்த நேரத்தில் தளத்துக்குள் இருந்தால் அவர் பெயருக்கு அருகே ஒரு பச்சைப் புள்ளி எரியும். அது அவளுடைய யோசனை. தளம் திறந்த அன்று குலோத்துங்கன் என்ற பெயருக்கு அருகே புள்ளி எரிந்தது. உடன் வேலை செய்யும் அமீரின் முகம் வெளுத்துவிட்டது.

“அவர் போன வருஷமே இறந்துட்டாரு. காரியத்துக்கு நானே போயிருந்தேன்.”

வீட்டில் யாராவது அவருடைய கம்ப்யூட்டரைத் திறந்திருப்பார்கள் என்று நினைத்து, அவர் மனைவி ஜெயசுதாவை போனில் கூப்பிட்டு, புள்ளி எரிவதைச் சொல்லிக் கேட்டாள் தாட்சாயணி.

“அதை அன்னிக்கே அணைச்சு பரண்மேல போட்டாச்சு. பாஸ்வேர்டும் எனக்குத் தெரியாது. இப்பவும் எரியுதா?”

“எரியுதுங்க. ஏதோ கோளாறுதான், உடனே எடுத்துடறேன்.”

“எடுக்காதீங்கம்மா. அவருக்கு ஒரு வார்த்தை அனுப்ப முடியுமா?”

அமீர் வேண்டாம் என்று தலையசைத்தான். தாட்சாயணி அந்தப் பெயருக்குக் கீழே, செய்தி எழுத ஒரு சிறிய பெட்டியை வைத்தாள். சற்று நேரத்தில் அதில் ஜெயசுதாவின் செய்தி வந்து விழுந்தது: ‘சாப்பிட்டீங்களா?’

தாட்சாயணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பதில் எழுதுவதற்குத் தான் எங்குமே இடம் வைக்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.