மறுத்து எழுதியவர்

"வாரா வாரம் ஒருத்தன் உன்னைக் கிழிகிழின்னு கிழிக்கிறான். நீயும் மெனக்கெட்டுப் பதில் எழுதறே. உனக்கு வேற வேலை இல்லையாக்கா?"

தங்கை போனில் இப்படிக் கேட்டு ஒரு மாதம் இருக்கும்.

பேராசிரியைக்கு உண்மையிலேயே வேறு வேலை இல்லை. தத்துவம் நடத்தி ஓய்வு பெற்று நாலு வருடம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. வாரப் பத்திரிகையில் எழுதும் தொடர் ஒன்றுதான் போக்கிடம்.

மத்திய காலக் கத்தோலிக்கத் துறவிகள் யோசித்து வைத்ததை இன்றைய சிந்தனையாளர்கள் தங்களை அறியாமலே எப்படி எடுத்தாள்கிறார்கள் என்பது தொடர். 'அநியாயமான சட்டம் சட்டமே இல்லை' என்று மேடையில் முழங்குகிறவருக்கு, அதை எழுநூறு வருடம் முன்பே ஒரு துறவி மடத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டார் என்று தெரியாது.

தொடரைப் படித்து யாரும் ஒரு வரி எழுதவில்லை, அந்த ஒருவரைத் தவிர.

'சந்தேகி' என்று மட்டும் போட்டு, 'பிரசுரத்துக்கு அல்ல' என்ற குறிப்போடு, டைப் அடித்த கடிதம் பத்திரிகை அலுவலகம் வழியாக வரும்.

'அம்மணி! கடவுளே இல்லை என்கிற இன்றைய அறிஞருக்கும் உங்கள் சாமியாருக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?' என்று ஆரம்பித்தால் இரண்டு பக்கம் விளாசல்.

பேராசிரியை அந்தத் துறவிகளின் பாணியிலேயே பதில் எழுதி, அதே அலுவலகம் வழியாக அனுப்புவார். முதலில் எதிராளியின் கட்சியை எதிராளியைவிட நன்றாக எடுத்துச் சொல்வது, பிறகுதான் மறுப்பது. மூன்று நாள் போவதே தெரியாது.

திடீரென்று கடிதம் நின்றது. ஒரு வாரம். இரண்டு. மூன்று.

படியில் தபால்காரர் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைத் திறந்துகொண்டு நின்றார். அது இரண்டாவது மாடியோடு திரும்பிவிடும்.

அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"முகவரியைத் தரக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க மேடம்."

சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டார். சமையலும் சீரியலும் தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அக்காவின் தீர்ப்பு. இருந்தாலும், பேச வேறு யார் இருக்கிறார்கள்?

"அந்த ஆள் எழுதறதையே நிறுத்திட்டார்டி."

"தொல்லை விட்டுதுன்னு இரு. எனக்குக் கண் ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரமாச்சு. எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

பேராசிரியைக்குச் சுருக்கென்றது.

"மறந்தே போயிட்டேன்டி. இப்ப எப்படி இருக்கு?"

"கட்டுப் பிரிச்சாச்சு. இன்னும் பத்து நாள் கண்ணுக்கு வேலையே குடுக்கக் கூடாதாம்."

"பத்திரமா இரு" என்றார். மனசு பழையபடி கடிதத்துக்கே போனது.

"கடைசியா ஒண்ணு கேட்டிருந்தார். நான்தான் சரியா பதில் சொல்லலையோ, கோவிச்சுக்கிட்டாரோ என்னவோ. மனசாட்சி தப்பாச் சொன்னாலும் அது சொன்னபடிதான் நடக்கணுமான்னு…"

"ஐயோ, அது இல்லக்கா! தப்புன்னு அந்த மனசாட்சிக்கே தெரியாதப்போ, வெளியிலேர்ந்து யார் வந்து சொல்றதுன்னுதானே நான் கேட்டேன்?"