முதல் வரியில் ஒரு தப்பு

"முதல் வரியே தப்பா? அப்புறம் ஒத்தை மார்க் கிடையாது!"

சௌதாமினி டீச்சர் மேஜையைத் தட்டிய வேகத்தில் என் சாயா தளும்பி, சிங்கப்பூர் கேள்வித்தாள் நனைந்தது.

கோழிக்கோட்டில் நாங்கள் மூன்று பேர் ஒரு கமிட்டி. ஆறு வெளிநாட்டுப் பள்ளித் தேர்வுகளில் மேட்ரிக்ஸ் கணக்கை எப்படிக் கேட்கிறார்கள், எப்படித் திருத்துகிறார்கள் என்று நம்முடையதோடு ஒப்பிட்டு அறிக்கை தர வேண்டும். டீச்சர்தான் தலைவி; கணக்கு வாத்தியார் ஹம்ஸ மாஷும் நானும் உறுப்பினர்கள்.

சண்டை ஒரு மாதிரி விடைத்தாளைப் பற்றி. ஆறில் எட்டு போனால் மைனஸ் இரண்டு. யாரோ ஒரு பிள்ளை முதல் வரியிலேயே அந்த மைனஸை விட்டுவிட்டது. அதற்கப்புறம் ஒரு பக்கம் முழுக்க வழிமுறை அத்தனையும் சரி. விடை மட்டும் தப்பு.

"பிரிட்டன்ல இதுக்கு அஞ்சுக்கு நாலு போடுவான் டீச்சரே," என்றார் ஹம்ஸ மாஷ். "தப்புக்கு ஒரு தடவைதான் தண்டனை. நீங்க சொல்றபடி போட்டா பூஜ்யம். அந்த நாலு மார்க் இல்லாம இந்தப் பிள்ளை பெயில்! நாம எழுதறதுதான் வர்ற மார்ச்சுல எல்லாப் பிள்ளைக்கும் சட்டம். கொஞ்சம் யோசிங்க."

"மாஷே, மீன்கறியில உப்புக்குப் பதிலா சர்க்கரை போட்டுட்டு, மத்த மசாலா எல்லாம் சரியா இருக்குன்னா சாப்பிடுவீங்களா?"

மாஷ் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர் சொல்றது நியாயம்தானே," என்றேன் நான், பழம்பொரியைக் கடித்தபடி. அடுத்த வருஷக் கேள்வித்தாள் குழுவுக்கு ஆள் எடுப்பது டீச்சர்தான்.

நாற்பது பக்க அறிக்கை. அதில் ஏழாவது பரிந்துரை: முதல் தவறுக்குப் பின் மதிப்பெண் இல்லை.

கல்வித்துறை இயக்குநர் வேணு சார் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"டீச்சரே, நம்ம பேப்பர் எண்பதுக்குத்தானே? நூறுன்னு போட்டிருக்கே! இதை வெச்சுத்தான் ஆறு நாட்டையும் ஒப்பிட்டிருக்கீங்களா? அப்போ நாப்பது பக்கமும் குப்பைதானா?"

டீச்சர் முகம் வெளுத்தது. அந்த எண்ணைப் போட்டதே அவர்தான்.

"ஐயோ சார், முதல் வரியில ஒரே ஒரு நம்பர்தான் சார் தப்பு! மத்த வழிமுறை அத்தனையும் சரி. அதுக்காக மொத்தத்தையும் தள்ளிடறதா? மூணு மாச உழைப்பு சார்!"

"மீன்கறி," என்று என் காதில் முணுமுணுத்தார் மாஷ். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

சார் சிரித்துவிட்டார். "சரி விடுங்க, கை தவறாத மனுஷன் யாரு? திருத்தி நாளைக்குக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன்."

டீச்சருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. திரும்பி வந்து, உட்கார்ந்து எல்லா எண்களையும் மாற்றினோம்.

மாஷ் மெல்லக் கேட்டார். "அப்போ அந்த ஏழாவதையும் மாத்திடலாமா?"

"அது எதுக்கு மாஷே? அதுல தப்பு ஒண்ணும் இல்லையே!"

மாஷ் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருஷக் கேள்வித்தாள் குழுவில் நானும் இருக்கிறேன்.